ஆஃபீஸ் ரெனோவேஷன் பண்ணப் போறீங்களா, ரிசப்ஷன்ல இருந்து ஆரம்பிக்காதீங்க

சென்னைல 14 வருஷமா ஆஃபீஸ் இன்டீரியர் ப்ராஜெக்ட் பாத்துட்டு இருக்கேன், கிண்டி, ஓஎம்ஆர், அம்பத்தூர்னு அலையாத ஏரியா இல்ல. முதல் மீட்டிங்ல முக்காவாசி பேர் போன்ல சேவ் பண்ணி வச்ச ரிசப்ஷன் போட்டோவத்தான் காட்டுவாங்க. செடி ஏத்தின சுவர், நியான் எழுத்துல கம்பெனி பேரு, தொங்குற லைட்டு. அழகா இருக்கணும்னு ஆசைப்படறது தப்பே இல்ல. ஆனா அந்த ரிசப்ஷன கடந்து போக ஒரு ஆளுக்கு 10 செகண்ட் ஆகும், உள்ள உக்காந்திருக்கறது 9 மணி நேரம். அதனால காசு முதல்ல கண்ணுக்குத் தெரியாத விஷயங்களுக்குப் போகணும், காத்து, சத்தம், வெளிச்சம், ஒயரிங், தண்ணி, நாற்காலி, இதெல்லாம் முடிஞ்சு மிஞ்சறது அழகுக்கு. 100 பேர் உக்கார்ற ஆஃபீஸ்னு மனசுல வச்சு எழுதறேன், உங்க ஆள் கணக்குக்கு ஏத்த மாதிரி கூட்டிக் குறைச்சுக்கோங்க.

ட்ராயிங் போடறதுக்கு முன்னாடி

ஆர்க்கிடெக்ட்ட கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரு வாரம், உங்க பழைய ஆஃபீஸ்லயே ஒரு நோட்டு எடுத்துட்டு காலைல 11 மணி, மத்தியானம் 3, சாயங்காலம் 5னு மூணு தடவ சுத்தி வாங்க. எத்தன சீட்டு காலியா கிடக்கு, 12 பேர் மீட்டிங் ரூம்ல எத்தன பேர் உக்காந்திருக்காங்க, யாரு படிக்கட்டுல நின்னு போன் பேசறாங்க, எந்த ஏசி துவாரத்துல அட்டைய வச்சு டேப் ஒட்டியிருக்காங்க, ஹெல்மெட்ட எங்க வைக்கறாங்க, எல்லாத்தையும் எழுதுங்க. அந்த டேப் ஒட்டின அட்டை இருக்கே, ஏசி டிசைன் எங்க தப்புன்னு அத விட தெளிவா யாரும் சொல்ல முடியாது. பெரிய ரூம்ல பெரும்பாலும் ரெண்டு மூணு பேர்தான் இருப்பாங்க, அப்போ உங்களுக்கு வேண்டியது இன்னொரு பெரிய ரூம் இல்ல, நாலு சின்ன ரூம்.

ஹவுஸ்கீப்பிங் அக்கா கிட்டயும் செக்யூரிட்டி அண்ணன் கிட்டயும் கண்டிப்பா அர மணி நேரம் பேசுங்க. எந்தக் கதவு ஒட்டிக்கும், எந்த பாத்ரூம்ல தண்ணி தேங்கும், மழை பெஞ்சா எந்த ஜன்னல் ஓரம் வாளி வைக்கணும்னு அவங்களுக்குத்தான் தெரியும். ஒரு சைட்ல அப்படி பேசும்போதுதான் ஒரு அக்கா சொன்னாங்க, "சார், துடைப்பம் வைக்க இடமே இல்ல, மாப்ப லேடீஸ் டாய்லெட்லதான் காயப் போடறோம்"னு. ட்ராயிங்ல 4க்கு 4 அடி ஜானிட்டர் ரூம் ஒண்ணு அன்னிக்கே சேத்தோம், அதுக்கப்புறம் எல்லா ப்ராஜெக்ட்லயும் அது முதல் நாளே வந்துடும்.

இடத்தோட கணக்கு

ப்ரோக்கர் 10,000 சதுர அடின்னு சொன்னா அது சூப்பர் பில்ட்-அப். லிஃப்ட், லாபி, படிக்கட்டு எல்லாம் அதுல சேந்திருக்கும், நாம நிஜமா புழங்கற உள் இடம், அதாவது கார்பெட் ஏரியா, பெரும்பாலும் 7,000ல இருந்து 7,500க்குள்ளதான் நிக்கும். தலைக்கு 70 சதுர அடி கார்பெட்னு எடுத்தா 100 பேருக்கு 7,000, அதுக்குள்ளயே மீட்டிங் ரூம், பேன்ட்ரி, சர்வர் ரூம் எல்லாம் வரணும். 50க்கு கீழ இறக்கினா டிக்கெட் கவுன்ட்டர் மாதிரி ஆயிடும், நான் ஒத்துக்க மாட்டேன்.

அக்ரிமென்ட்ல நாலு விஷயம் பாருங்க. ஃபிட்-அவுட் பீரியட், அதாவது உள் வேலை முடிக்கற காலம், எத்தன நாள் வாடகை இல்லாம தர்றாங்க, காலி பண்ணும்போது எல்லாத்தையும் இடிச்சு பழைய நிலைக்கு கொண்டு வரணுமா, கரண்ட் லோடு எத்தன கிலோவாட் சாங்ஷன் ஆகியிருக்கு, ஜெனரேட்டர் பேக்கப் ஏசிக்கும் சேத்தா இல்ல லைட்டுக்கு மட்டுமா. கடைசி ரெண்டையும் கையெழுத்துக்கு அப்புறம் கேட்டு மாட்டிக்கிட்டவங்க நிறைய பேர், கூடுதல் லோடுக்கு ஈபி ஆஃபீஸுக்கு அலையறதுலயே ஃபிட்-அவுட் பீரியட் தீந்துடும்.

சத்தம்

இதுல கொஞ்சம் நேரம் எடுத்துப் பேசறேன், ஏன்னா அதிகமா கம்ப்ளெயின்ட் வர்றது இதுக்குத்தான். சுவரே இல்லாம எல்லாரையும் ஒரே ஹால்ல உக்கார வச்சா நல்லா பேசிப் பழகுவாங்கன்னு ஒரு நம்பிக்கை. ஹார்வர்டைச் சேந்த பெர்ன்ஸ்டீனும் டர்பனும் 2018ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, ரெண்டு பெரிய அமெரிக்க கம்பெனி ஓப்பன் ஆஃபீஸுக்கு மாறினப்போ ஆளுங்க மேல சென்சார் மாட்டி அளந்து பாத்தது, நேருக்கு நேர் பேசறது சுமார் 70 சதவீதம் குறைஞ்சுது, மெயிலும் சாட்டும் கூடிப் போச்சு. நம்மூர் ஹால்லயும் எனக்குத் தெரிஞ்சு அதே கதைதான், எல்லார் காதுலயும் ஹெட்போன்.

அதுக்காக எல்லாருக்கும் கேபின் கட்ட முடியாது. நான் செய்யறது என்னன்னா, சத்தமா பேசற டீம, அதாவது சேல்ஸ், சப்போர்ட், ரெக்ரூட்மென்ட், ஒரு பக்கம், அமைதியா வேலை பாக்கற அக்கவுன்ட்ஸ், டெவலப்மென்ட் டீம இன்னொரு பக்கம், நடுவுல மீட்டிங் ரூம், பிரின்டர், அலமாரி எல்லாம் அடுக்கி ஒரு தடுப்பு மாதிரி. 12ல இருந்து 15 பேருக்கு ஒரு போன் பூத். அந்த பூத்துக்குள்ள ஒரு சின்ன ஃபேனும் காத்து வர வழியும் இருக்கணும், இல்லேன்னா சென்னை வெக்கைல பத்து நிமிஷத்துல வேர்த்து வெளில வந்துடுவாங்க, அப்புறம் அது அட்டைப்பெட்டி அடுக்கற இடம்.

இப்போ முக்கியமான ஒண்ணு. பல வருஷம் முன்னாடி ஒரு கம்பெனிக்கு எச்ஆர் ரூம் கட்டினோம், டபுள் ஜிப்சம் போர்டு, உள்ள சத்தத்த உறிஞ்சற ராக்வூல் பஞ்சு, நல்ல கதவு. குடி போன மூணாவது நாள் போன் வந்துச்சு, உள்ள ஒரு பொண்ணோட சம்பளப் பேச்சு நடந்தது வெளில மூணாவது வரிசை வரைக்கும் கேட்டுச்சாம். போய் ஃபால்ஸ் சீலிங் டைல் ஒண்ண தூக்கிப் பாத்தா பார்ட்டிஷன் சீலிங் மட்டத்தோட நின்னுடுச்சு, அதுக்கு மேல ஸ்லாப், அதாவது கான்கிரீட் கூரை வரைக்கும் மூணு அடி வெறும் காலி. சத்தம் சீலிங்குள்ள ஏறி அந்தப் பக்கம் இறங்குது. அத நான் செக் பண்ணாம விட்டது என் தப்பு, அந்தப் பொண்ணு முகத்த இன்னும் மறக்கல. அன்னில இருந்து எச்ஆர் ரூம், எம்டி ரூம், ஃபைனான்ஸ், மீட்டிங் ரூம் எல்லாத்துக்கும் ட்ராயிங்லயே "ஸ்லாப் டு ஸ்லாப்"னு பெருசா எழுதிடுவேன். 50 எம்எம் ஸ்டட் (போர்ட தாங்கற சட்டம்), ரெண்டு பக்கமும் 12.5 எம்எம் போர்டு, நடுவுல 48 டென்சிட்டி ராக்வூல், மேல ஏசி டக்ட்டும் கேபிளும் நுழையற ஓட்டைய சுத்தி சீலன்ட், கதவுக்கு அடில ட்ராப் சீல் (கதவ சாத்தினதும் கீழ இறங்கி இடைவெளிய அடைக்கற பட்டை). ஃபால்ஸ் சீலிங் மூடறதுக்கு முன்னாடி நீங்களே ஏணி ஏறி டார்ச் அடிச்சுப் பாருங்க, மூடினதுக்கு அப்புறம் கண்டுபிடிச்சா ரெண்டு மடங்கு செலவு.

டெஸ்ட் பண்றது ஈஸி. கதவ சாத்திட்டு உள்ள ஒருத்தர் சாதாரணக் குரல்ல பேப்பர் படிக்கட்டும், வெளில ஒருத்தர் நிக்கட்டும். குரல் கேக்கலாம், வார்த்தை புரியக்கூடாது.

காத்தும் ஏசியும்

ஏசின்னா குளிர்னு மட்டும் நினைக்கறோம். சென்னைல பாதிப் பிரச்சனை ஈரப்பதம், மீதிப் பாதி ஃப்ரெஷ் ஏர் இல்லாதது. மத்தியானம் மீட்டிங்ல எல்லாருக்கும் தூக்கம் சொக்குதே, சாப்பாடு மட்டும் காரணம் இல்ல, மூடின ரூம்ல விட்ட மூச்சையே திரும்ப இழுத்துட்டு இருக்கோம். ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்கி மேசைல வைங்க, வெளிக் காத்துல 420 பிபிஎம் (பத்து லட்சத்துல 420 பங்கு) பக்கத்துல காட்டும், ரூமுக்குள்ள 1000 தாண்டி ஏறிக்கிட்டே போனா ஃப்ரெஷ் ஏர் பத்தலன்னு அர்த்தம். சுவத்துல ஸ்ப்ளிட் ஏசி மாட்டினா அது உள்ள இருக்கற காத்தையே சுத்தி விடும், வெளிக் காத்த கொண்டு வராது, அதுக்குத் தனியா ஃப்ரெஷ் ஏர் ஃபேனும் டக்ட்டும் ஃபில்டரும் வேணும். இத கான்ட்ராக்டர் பல பேர் கொட்டேஷன்ல விட்டுடுவாங்க, நீங்க கேட்டு வாங்குங்க.

கொள்ளளவுக்கு தோராயமா 120ல இருந்து 150 சதுர அடிக்கு ஒரு டன்னுன்னு வச்சுக்கலாம், 7,000 சதுர அடிக்கு 50 டன் பக்கம் வரும். சரியான கணக்க இன்ஜினியர் ஹீட் லோடு போட்டு எடுக்கணும், குறிப்பா மேற்கு பாத்த கண்ணாடி இருந்தா. சாயங்காலம் 3ல இருந்து 6 மணி வரைக்கும் அந்தக் கண்ணாடி ஓரம் உக்கார்றவங்க வேகறாங்க, நடு ஹால்ல இருக்கறவங்க நடுங்கறாங்க, ரெண்டையும் ஒரே தெர்மோஸ்டாட்ல மாட்டினா சண்டைதான். ஜன்னல் ஓரத்த தனி ஜோனா பிரிங்க, கண்ணாடிக்கு ஃபிலிமோ ப்ளைண்டோ போடுங்க. 24 டிகிரில வைங்க, 2020 ஜனவரில இருந்து ரூம் ஏசியே 24ல செட் ஆகித்தான் வரணும்னு ரூல், ஒரு டிகிரி கூட்டினா சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம்னு எரிசக்தி சிக்கன அமைப்பு சொல்லுது.

இன்னொண்ணு, புதுசா ஒரு ரூம் தடுக்கும்போது அந்த ரூமுக்குள்ள ஸ்ப்ரிங்க்ளர், ஸ்மோக் டிடெக்டர், ஏசி சப்ளை, ரிட்டர்ன் (காத்து ஏசிக்குத் திரும்பிப் போற வழி) நாலும் இருக்கான்னு எண்ணுங்க. ஒண்ணு விட்டாலும் அது ரூம் இல்ல, பொட்டி.

வெளிச்சம்

இது சுருக்கமா. மேசை மேல 300ல இருந்து 500 லக்ஸ், கலர் 4000 கெல்வின், அவ்வளவுதான். ஸ்கிரீன் ஜன்னலுக்கு முதுகு காட்டவும் கூடாது, முகம் காட்டவும் கூடாது, பக்கவாட்டுல இருக்கணும். லைட்ட வரிசை வரிசையா தனி சுவிட்ச்ல கொடுங்க, ராத்திரி ரெண்டு பேர் உக்காந்திருக்கறதுக்கு ஹால் முழுக்க எரிய வேண்டாம்.

சாப்பாட்டு இடம்

வெளிநாட்டு ஹெட் ஆஃபீஸ்ல இருந்து வர்ற டிசைன் கைட்ல "கஃபே"ன்னு போட்டு ஒரு காஃபி மெஷின், உயரமான ஸ்டூல், ஒரு சிங்க் கொடுத்திருப்பாங்க. நம்ம ஆளுங்க டப்பா கொண்டு வந்து, பிசைஞ்சு, பகிர்ந்து சாப்பிடறவங்க. உயரமான ஸ்டூல்ல உக்காந்து சாம்பார் சாதம் சாப்பிட முடியாது, சாதா உயர மேசைதான் வேணும், நாலு பேர் மேசை ரெண்ட சேத்துப் போட்டா எட்டுப் பேர் உக்கார்ற மாதிரி.

கை கழுவற இடம் கணக்குப் போடுங்க. 100 பேர் ரெண்டு பேட்ச்சா சாப்பிட்டா ஒரு பேட்ச்சுல 50 பேர், ஒருத்தருக்கு கை கழுவி வாய் கொப்பளிக்க அர நிமிஷம், ஒரே சிங்க்னா 25 நிமிஷம் வரிசை. நாலு வாஷ்பேசின் வச்சா ஆறு ஏழு நிமிஷத்துல முடிஞ்சுடும். டப்பா கழுவ ஆழமான ஸ்டீல் சிங்க் தனியா, கீழ சாதம் அடைக்காம இருக்க வடிகட்டி, பக்கத்துலயே ஈரக் குப்பைக்கு மூடி போட்ட தொட்டி. இதெல்லாம் வரணும்னா பேன்ட்ரி பிளம்பிங் ஷாஃப்ட், அதாவது பில்டிங்கோட தண்ணிக் குழாய்ங்க மேல கீழ போற இடத்துக்குப் பக்கத்துல இருக்கணும். தூரமா தள்ளினா தண்ணி ஓட சரிவு கிடைக்க தரைய உயர்த்தணும், அப்புறம் தட்டோட நடக்கறவங்க காலு தடுக்கற படி ஒண்ணு வந்துடும்.

வாசனைக்கு என்ன பண்றது? எக்ஸாஸ்ட் வலுவா இருக்கணும், டைனிங்ல இருந்து ரிட்டர்ன் ஏர் ஹால் ஏசிக்குப் போகவே கூடாது. இத சரியா பண்ணாத ஒரு மாடில கருவாட்டுக் குழம்பு கொண்டு வந்தவர தனியா உக்காந்து சாப்பிடச் சொன்னத பாத்திருக்கேன், மனசு ரொம்ப கஷ்டமா போச்சு. தப்பு ஏசி டக்ட்ல இருந்துச்சு, தண்டனை அவருக்கு.

இதோட சேந்த சின்னச் சின்னது: டூ வீலர்ல வர்றவங்களுக்கு உள்ள நுழையற இடத்துலயே ஹெல்மெட் ரேக், நவம்பர்ல நனைஞ்ச ரெயின்கோட் தொங்கவிட தண்ணி வடியற மாதிரி ஒரு இடம், கைக்குழந்தைக்காரங்களுக்கு உள்தாழ்ப்பாள், பிளக் பாயிண்ட், சின்ன ஃப்ரிட்ஜோட ஒரு ரூம், தொழுகைக்கோ தலைவலிக்குக் கண்ண மூடவோ ஒரு அமைதியான ரூம். ஆயுத பூஜைக்கு கற்பூரம் ஏத்தற இடத்துக்கு மேல டிடெக்டர் எங்க இருக்குன்னு பாத்து வைங்க, பில்டிங் ஆளுங்களுக்கு முன்கூட்டியே சொல்லிடுங்க.

மேசை, நாற்காலி

மார்க்கெட்ல வர்ற மேசை பெரும்பாலும் 750 எம்எம் உயரம். அஞ்சடி உயரம் இருக்கற நம்ம பொண்ணுங்க அதுக்கு ஏத்த மாதிரி நாற்காலிய உயர்த்தினா காலு தரைல படாது, தொங்கும், சாயங்காலத்துக்குள்ள தொடை மரத்துப் போகும். 720 எம்எம் கேட்டு வாங்குங்க, கூட ஃபுட்ரெஸ்ட். நாற்காலி வாங்கறதுக்கு முன்னாடி மூணு மாடல் சாம்பிள் கேட்டு ஒரு வாரம் ஆஃபீஸ்ல போட்டு, குள்ளமானவர், உயரமானவர், குண்டானவர் எல்லாரையும் ஒரு நாள் முழுக்க உக்கார வைங்க. மெஷ், பின்னாடி இடுப்பு சப்போர்ட், கை வைக்கறது ஏறி இறங்கணும், இந்த மூணும் இல்லாத நாற்காலி எவ்வளவு மலிவா வந்தாலும் வேண்டாம்.

எல்லாருக்கும் உக்கார இடம்னா எல்லாருக்கும்தான். 2021ல தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துல திருத்தம் கொண்டு வந்து வேலை பாக்கறவங்க உக்கார வசதி கொடுக்கணும்னு வச்சாங்க, துணிக்கடைல நாள் முழுக்க நிக்கற பொண்ணுங்களால வந்த சட்டம் அது. உங்க வாசல்ல நிக்கற செக்யூரிட்டிக்கும் நல்ல நாற்காலி ஒண்ணு பட்ஜெட்ல சேருங்க. வீல்சேர்ல வர்றவங்களுக்கு 1க்கு 12 சரிவுல ராம்ப், 900 எம்எம் கதவு வழி, ஒரு டாய்லெட். 50 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா குழந்தைங்க காப்பக வசதி பத்தியும் இப்பவே முடிவு பண்ணுங்க, 2017 மகப்பேறு சட்டத் திருத்தத்துலயே அது வந்துடுச்சு.

பிஓக்யூவும் (பொருள், அளவு, விலைப் பட்டியல்) பணமும்

கொட்டேஷன்ல "இந்த பிராண்ட் அல்லது அதுக்கு சமமானது"ன்னு ஒரு வரி இருந்தா அடிச்சுட்டு மூணு பிராண்ட் பேர எழுதி வாங்குங்க, அந்த "சமமானது"லதான் எல்லா தரமும் கரைஞ்சு போகும். பிளைவுட்ல இந்தியத் தர எண் ஐஎஸ் 303, பேன்ட்ரி மாதிரி தண்ணி படற இடத்துக்கு ஐஎஸ் 710னு முத்திரை இருக்கும், லோடு இறங்கும்போதே பாருங்க, அறுத்ததுக்கு அப்புறம் ஆசாரியாலயே சொல்ல முடியாது. நெட்வொர்க் கேபிள் ஸ்விட்ச்சுல இருந்து சுவர் பாயிண்ட் வரைக்கும் 90 மீட்டர் தாண்டக்கூடாது, அதனால சர்வர் ரூம் மூலைல இல்லாம நடுவுல இருந்தா நல்லது. ஒவ்வொரு பாயிண்டுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட் வாங்கிக்கோங்க. அப்புறம் 5 சதவீதம் பணத்த ஒரு வருஷம் பிடிச்சு வைக்கறதுன்னு ஒப்பந்தத்துலயே எழுதிடுங்க.

ஆளுங்க உள்ள இருக்கும்போது வேலை

காலி ஆஃபீஸ்ல வேலை பாக்கறது சுலபம், ஓடிட்டு இருக்கற ஆஃபீஸ ரெனோவேட் பண்றதுதான் கஷ்டம். ஹால நாலா பிரிச்சு, ஒரு பகுதி ஆளுங்கள வீட்டுல இருந்து வேலை பாக்கச் சொல்லி, அந்தப் பகுதிய தரைல இருந்து சீலிங் வரைக்கும் பிளாஸ்டிக் ஷீட்டால மூடி வேலைய முடிச்சு, அடுத்ததுக்குப் போங்க. இடிக்கறது, ட்ரில் போடறது வெள்ளிக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சு ஞாயித்துக்கிழமைக்குள்ள. பசை, தின்னர், பாலிஷ் வாசனை ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு ஆபத்து, முடிஞ்ச வரைக்கும் தண்ணி கலக்கற வகை பெயின்ட்டும் பசையும் கேளுங்க, குடி போறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாள் ஃப்ரெஷ் ஏர் முழு வேகத்துல ஓடட்டும்.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் பட்டி, பெயின்ட், மர வேலை வைக்காம இருந்தா நல்லது, பட்டி காயாது, காயாத பட்டி மேல அடிச்ச பெயின்ட் மார்ச்ல உரியும். பேஸ்மென்ட்ல யூபிஎஸ், பேட்டரி, சர்வர் எதையும் வைக்காதீங்க, 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாமையும் பாத்த ஊரு இது.

சாவி வாங்கற அன்னிக்கு

ஹேண்ட்ஓவர் அன்னிக்கு பூங்கொத்தோட போகாம ஒரு ஏணி, ஒரு டார்ச், மாஸ்கிங் டேப்போட போங்க. ஒவ்வொரு சுவிட்ச், ஒவ்வொரு பிளக்ல போன் சார்ஜர், ஒவ்வொரு குழாய், ஒவ்வொரு கதவு, தப்பு இருக்கற இடத்துல டேப் ஒட்டி நம்பர் எழுதுங்க. எல்லா ஏசியையும் சேத்து ஓட விட்டு மெயின் கரண்ட்ட நிறுத்திப் பாருங்க, யூபிஎஸ் பிடிக்குதா, ஜெனரேட்டர் எத்தன செகண்ட்ல வருது. பெயின்ட் தேய்க்கும்போது தூசி போகக்கூடாதுன்னு ஸ்மோக் டிடெக்டருக்கெல்லாம் பிளாஸ்டிக் மூடி மாட்டியிருப்பாங்க, அத கழட்ட மறந்துடுவாங்க, வெள்ளைல வெள்ளை கலந்து கீழ இருந்து பாத்தா தெரியவே தெரியாது. ஒவ்வொண்ணா ஏணி ஏறி கழட்டி, கழட்டின மூடிய ஒரு பைல போட்டு, டிடெக்டர் எண்ணிக்கையும் மூடி எண்ணிக்கையும் ஒத்துப் போகுதான்னு எண்ணிப் பாத்துட்டு, அதுக்கப்புறம் பில்லுல கையெழுத்துப் போடுங்க.